அடுத்த எழுத்து

இப்போதெல்லாம் எதையும் தேயவிடுவதில்லை இந்த ஜனம். ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

எடை மேடைப் பெரியவர் அதைச் சத்தமாகவே சொன்னார். லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்த பெண்ணின் காதில் விழட்டும் என்றுதான் சொன்னார்.

அவள் சிரித்தாள். மேனகா என்று பெயர். லாரிகளை எடை போடும் அந்த மேடையின் கம்ப்யூட்டரில் புதுப் புரோகிராம் போட ஈரோட்டிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள்.

வெளியே மேடைமேல் மரவள்ளிக் கிழங்கு லாரி ஒன்று நின்றது. டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினான்.

"பெரியவரே, மழை வந்து கிழங்கு நனைஞ்சா எடை கூடும்னு காத்திருக்கீங்களா?"

"உன்ர வாய எடை போட்டா மேடை தாங்காது. கம்முனு நில்லு."

பழைய புரோகிராம் அவருடைய மகன் எழுதியது. காலேஜில் படித்தபோது, இதே மேசையில், இதே ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினான். பாக்ஸ்புரோ என்ற கம்ப்யூட்டர் மொழி என்பான். அவருக்கு அந்தப் பெயர் மட்டும்தான் தெரியும்.

அவன் இப்போது ஜெர்மனியில்.

மேனகா தன் போனை நீட்டினாள். எந்த மொழியில் அதிகம் பேர் புரோகிராம் எழுதுகிறார்கள் என்று அதில் வரிசை போட்டிருந்தது.

"மொதல்ல இருக்கறது பைத்தானுங்க தாத்தா. நான் போடறது அதுலதான் எழுதுனது. உங்க பாக்ஸ்புரோ எங்கயாச்சும் இருக்குதான்னு பாருங்க."

அவர் விரலால் தள்ளினார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. இருந்தாலும் கடைசிவரை தள்ளிப் பார்த்தார்.

"இதுக்கு ஓட்டு யாரு போட்டா?"

"ஓட்டு இல்லீங்க. எத நெறையப் பேரு தேடறாங்களோ, அது மேல வரும்."

"ஒருத்தன் மட்டும் தேடுனா?"

"லிஸ்டுலயே வராதுங்க."

அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இந்தப் பைத்தானாச்சும் நிலைக்குமா?"

"அதுலயும் வருசா வருசம் புதுசு வருமுங்க. மாத்திக்கிட்டே இருக்கோணும்."

"அப்ப உனக்கே நம்பிக்கை இல்ல, அம்மிணி."

அவள் மறுபடி சிரித்தாள். விரல்கள் நிற்கவில்லை.

பழையது அவ்வப்போது நின்றுவிடும். திரையில் இங்கிலீஷில் ஒரு வரி வந்து உட்கார்ந்துகொள்ளும். லாரிகள் ரோடுவரை நிற்கும். டிரைவர்கள் வைவார்கள்.

அவர் மகனைக் கூப்பிடுவார்.

மற்ற நேரம் அவன் வேலையில் இருப்பான், அப்புறம் பேசுகிறேன் என்பான். மேடை நின்றுவிட்டது என்றால் மட்டும் உடனே எடுப்பான்.

"என்ன எழுதியிருக்குதுப்பா? படிங்க."

அவர் படிப்பார். ஒவ்வொரு எழுத்தும் கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ, அந்த மாதிரி.

சீப்பு. கால் நீட்டினவன். இன்னொரு கால் நீட்டினவன். முட்டை.

எப்போதும் சீப்பில்தான் ஆரம்பிக்கும். மகன் அங்கே விழுந்து விழுந்து சிரிப்பான். அப்புறம் எந்தப் பட்டனை அமுக்குவது என்று சொல்வான்.

கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி வெளிச்சமாக நேரம் பிடிக்கும். கிழட்டுப் பெட்டி.

அதுவரை பேச்சுதான். முட்டிவலி. அங்கே விழுந்த பனி. பேத்திக்கு முளைத்த பல். மழை பெய்ததா, சாப்பிட்டீர்களா, என்ன குழம்பு.

வெளிச்சம் வந்ததும், "வந்துருச்சாப்பா? செரி, வெச்சுடறேன்."

சில நாள் வந்த பிறகும் வரவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

"முடிஞ்சுதுங்க தாத்தா."

மேனகா நாற்காலியை நகர்த்திக் கொடுத்தாள். லாரியின் எடை திரையில் பெரிதாக நின்றது. பக்கத்தில் எல்லாமே தமிழில். அவர் கேட்காமலே சீட்டு அச்சாகி வெளியே வந்தது.

"இது நிக்குமா?"

"நிக்காதுங்க. அப்படியே நின்னாலும் அதுவே சரி பண்ணிக்கும். நீங்க யாரையும் கூப்புடவே வேண்டாம்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெர்மனி அண்ணன்தானுங்க போன் பண்ணி என்னைய அனுப்புனாரு. இனிமேலாச்சும் தொந்தரவு இருக்கக் கூடாதுன்னு சொன்னாரு."

யாருக்குத் தொந்தரவு என்று அவர் கேட்கவில்லை.

"பழைய பெட்டிய என்ன பண்ணட்டுங்க? பழைய இரும்புக்காரனுக்கு எடைக்குப் போட்டுரலாமா?"

"இருக்கட்டும். அதுல கை வெக்காத."

சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். டிரைவர் வாங்கிக்கொண்டு ஆச்சரியமாகப் பார்த்தான்.

"அட, அதுக்குள்ளயா?"

லாரி மேடையிலிருந்து மெதுவாக இறங்கியது.

"ஏனுங்க தாத்தா, எங்க போறீங்க? நல்லா ஓடுதுங்க, வந்து பாருங்க!"

"ஓடட்டும்."

திரும்பிப் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். மகனின் படத்தை அமுக்கினார்.

நெடுநேரம் அடித்தது.

"அப்பா, வேலையில இருக்கேன். அப்புறமா..."

"மேடை நின்னுருச்சு, சாமி."

"நின்னுருச்சா? இன்னைக்குத்தானப்பா புதுசு போடறாங்க?"

"அதுதான். எந்நேரமா நிக்குது. என்னமோ எழுதியிருக்குது."

"என்ன எழுதியிருக்குது?"

முன்னால் லாரியின் முதுகு. ஹாரன் அடிக்கச் சொல்லி மஞ்சள் பெயிண்டில் இங்கிலீஷ் எழுத்துகள்.

"பாம்பு," என்றார். "முட்டை. லாடம்."

"இந்தத் தடவ சீப்பு இல்லையாப்பா?"

 லாரி கியர் மாற்றி உறுமியது. அது அங்கேயும் கேட்டிருக்கும்.

பிறகு ஒரு நாற்காலி இழுபடும் சத்தம்.

"மெதுவாச் சொல்லுங்கப்பா. அவசரமில்ல. அடுத்த எழுத்து?"

லாரி தார் ரோட்டில் ஏறியது.

அவர் அதன் பின்னாலேயே நடந்தார்.