கேபிளில் வந்த பதில்

துறைமுகத்துக்கு அடியில் பழைய போர்க்காலப் பீப்பாய்கள் கிடந்தன. எதில் விஷம், எதில் வெறும் கடல்தண்ணீர் என்று யாருக்கும் தெரியாது. ஒன்றைத் தொட்டுப் பார்க்கப்போய்த்தான் கடலில் முக்குளிப்பவரான, அந்தப் பெண் பொறியாளரின் அண்ணன் பாதி நுரையீரலைக் கெடுத்துக்கொண்டார். அவருக்கு முன்னால் இறங்கிய இருவர் மேலே வரவே இல்லை. அன்றிலிருந்து அவள் பீப்பாயைத் திறக்காமலே சோதிக்கும் ஒரு கருவியை உருவாக்க ராப்பகலாக மல்லுக்கட்டினாள். கேபிளில் கட்டிக் கடலுக்குள் இறக்கினால் போதும். அது பீப்பாய்க்குள் நியூட்ரான்களைப் பாய்ச்சும். திரும்பி வரும் கதிர்களை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்லிவிடும்.

இன்று காலை படகில் முதல் சோதனை. கேபிளை அண்ணன் பிடித்திருந்தார். திரையில் போர்விஷத்தின் அடையாளமான குளோரினும் கந்தகமும், கடல்தண்ணீரில் வருவதைவிடப் பல மடங்கு உயரமாக, கோபுரம் மாதிரி எழும்பின.

"விஷம்தான் அண்ணா! திறக்காமலே கண்டுபிடிச்சாச்சு!"

"அடி சக்கை! இனி ஒருத்தனும் கீழ இறங்க வேண்டாம்!" அவர் இருமலும் சிரிப்புமாகக் கத்தினார். படகோட்டி ஹாரனை விடாமல் அடித்தார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது கேபிள் கீழிருந்து இரண்டு முறை இழுபட்டது. 'எல்லாம் நல்லபடி' என்று முக்குளிப்பவர்கள் மேலே சொல்லும் சைகை அது. பழக்கதோஷத்தில் அண்ணனும் இரண்டு முறை இழுத்துப் பதில் சொன்னார். பிறகுதான் அவர் கை அப்படியே நின்றது.

"கீழ யாரும் இல்லையே அண்ணா?"

"இல்ல."

கடல் அலையில்லாமல் கிடந்தது. கேபிள் மறுபடி இரண்டு முறை இழுபட்டது. அண்ணன் அதை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"யாரா இருந்தா என்னம்மா," என்றார் மெதுவாக. "சந்தோஷப்படறாங்க."