துரு பிடித்த வேகன்

ஆயுத பூஜைக்காகத் தொம்மலூர் வீட்டில் ஸ்கூட்டர், தையல் மிஷின், அரிவாள்மனை என்று எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிய கோமளா, கணவர் தயாளனின் மேஜைமேல் இருந்த குட்டிச் சரக்கு ரயிலையும் விட்டுவைக்கவில்லை. பன்னிரண்டு வேகன்களும் சோப்புத் தண்ணீரில் முங்கி எழுந்து, ஷோரூம் சரக்கு மாதிரி பளபளத்தன.

மகள் சிந்து பார்த்ததும் தலையில் கை வைத்தாள். "அய்யோ அம்மா! அது அழுக்கில்ல. நிஜ ரயில் மாதிரி தெரியணும்னு அப்பா ஆறு மாசமா பிரஷ்ஷால பவுடர் கலர் தொட்டு, புள்ளி புள்ளியா வெச்ச துரு! நாளைக்கு மாடல் ரயில் எக்ஸிபிஷன்!"

"புதுசா வாங்கிப் பழசாக்கற மனுஷனை நான் எந்த ஊர்லடீ பார்த்தேன்?"

வாய்தான் அப்படிப் பேசியது; கை அவசரமாக வேகன்களைத் துடைத்து மேஜைமேல் பழையபடி அடுக்கியது. தயாளனுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார்; ஒரு மாதம் பேசாமலே கொல்வார்.

மாலை வந்தவர் ஒரு வேகனை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள் கோமளா.

"கோமு, கதவுக்குக் கீழ துரு எப்படி வழியுது பாரு! நிஜ வேகனே தோத்துடும். பிரைஸ் நமக்குத்தான்."

குத்திக்காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். அதில் பூரிப்புதான் இருந்தது. போன மாதம் கண் டாக்டரிடம் போய் வந்து, "ஒண்ணுமில்ல, பவர்தான் மாறியிருக்கு" என்று சிரித்து மழுப்பிய மனிதர், இப்போது நினைவிலிருந்த துருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லேன், எப்படி இருக்கு?"

பளபளக்கும் வேகனைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"அசல் துருங்க" என்றாள், கதவுக்குக் கீழே விரலால் தடவிக் காட்டி.