உள்ளே எழுதுகிறாள்

"மெதுவாப் பேசு ஷீலா. உள்ள உங்க அண்ணி எழுதிக்கினு கீறா."

ரகுபதி நாற்காலியை இழுத்து, மூடியிருந்த அறைக் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தான். பெரும்பாக்கத்திலிருந்து பஸ் மாறி வந்திருந்த தங்கை இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயில் அவள் முகத்தில் அப்படியே இருந்தது.

"எழுதட்டும்ணா. ரெண்டு நிமிஷம் வெளிய வந்தா இன்னா ஆய்டப் போவுது? அத்தைக்குக் கால்ல புண்ணு ஆறவே மாட்டேங்குது. சுகரு. அண்ணி ஒருவாட்டி வந்து பாத்து, கட்டு மாத்திவுட்டா போதும்."

"நாளைக்குக் காலைல ஆட்டோ எடுத்துக்கினு நானே வரேன். உங்க மாமியார ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போலாம்."

"வூட்லயே நர்ஸ வெச்சிக்கினு ஆஸ்பத்திரி எதுக்குண்ணா?"

மந்தைவெளியில் அவர்கள் இருந்த சந்து முழுக்க இதே கேள்விதான். பிரஷர் பார்க்க, மாத்திரைச் சீட்டைப் படித்துச் சொல்ல, குழந்தைக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்க்க என்று, அவன் மனைவி செண்பகம் டூட்டி முடிந்து படியேறும்போதே யாராவது வாசலில் நிற்பார்கள்.

அடையாறில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். வெறும் டிப்ளமோ என்பதால் வார்டு இன்சார்ஜ் வேலை அவளைத் தாண்டித் தாண்டிச் சின்னப் பெண்களுக்குப் போனது. அதற்குப் பிறகுதான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆன்லைன் நர்சிங் பட்டத்துக்குச் சேர்ந்தாள்.

படிப்பென்றால் பரீட்சை எழுதிவிட்டு வருவது என்றுதான் ரகுபதி நினைத்திருந்தான். இது அப்படி இல்லை. வாரம் தவறாமல் கட்டுரை. நோயாளியைக் கவனித்ததைப் பற்றி ஒன்று, கவனித்தபோது தனக்கு என்ன தோன்றியது என்று இன்னொன்று. எல்லாம் இங்கிலீஷில். எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தாய் என்று குறித்தது சரியில்லை என்று திரும்பி வந்தால், மறுபடி முதலிலிருந்து.

நாள் முழுக்க வார்டில் நின்றுவிட்டு வந்து, வீங்கிய காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு டைப் செய்வாள். ஆரம்பத்தில் அந்தச் சத்தம் வாசல்வரை கேட்கும். ஒருநாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் செண்பகம். அணைக்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கு ரகுபதி வீட்டில் ஒரு சட்டம் போட்டான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் யாரும் தட்டக் கூடாது. சமையல், மகள் தமிழ்நிலாவின் யூனிஃபார்ம், வாசலுக்கு வருகிற ஜனங்கள், எல்லாம் அவன் பாடு.

இப்போது உள்ளேயிருந்து ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"இந்தப் படிப்பு எப்பதாண்ணா முடியும்?" என்றாள் ஷீலா.

"முடியற மாதிரி தெர்லமா. எழுத எழுத வந்துக்கினே கீது."

"நல்லாக் கீது போ. எம் பொண்ணு காது குத்துக்கு வர்ல. கேட்டா படிப்பு. அத்தை ஆஸ்பத்திரில கெடந்தப்ப எட்டிப் பாக்கல. கேட்டா படிப்பு. அவங்க உள்ள எழுதறாங்க, நீ வெளிய வாட்ச்மேன் வேல பாக்குற. எங்க வூட்ல சிரிக்கிறாங்கண்ணா."

"சிரிச்சிட்டுப் போறாங்க."

"நானே கூப்பிடறேன், நவுரு." அவள் கதவை நோக்கி இரண்டடி வைத்தாள்.

ரகுபதி எழுந்து குறுக்கே நின்றான். "வேணாம் ஷீலா."

குரல் உயரவில்லை. ஆனால் அண்ணன் தன்னை மறித்து நிற்பது அவளுக்குப் புதிது. கண் கலங்கிவிட்டது.

"சரிண்ணா. இனிமே எதுவும் கேக்க மாட்டேன்."

"காலைல வரேன், அத்தைய ரெடியா இருக்கச் சொல்லு."

அவள் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவள் திரும்பும்வரை ரகுபதி மாடி வராந்தாவில் நின்றான். கூப்பிடலாமா என்று வாய்வரை வந்தது. கூப்பிடவில்லை.

உள்ளே வந்தபோது அறைக் கதவு திறந்திருந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு செண்பகம் நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது என்று முகமே சொன்னது.

"ஷீலா அழுதுக்கினே போச்சா?"

"அதெல்லாம் இல்ல. நாளைக்குச் சரியாய்டுவா."

"என்னால நீங்க எல்லார்கிட்டயும் கெட்ட பேரு வாங்குறீங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க. ரொம்ப நாளா சொல்ல முடியல. கதவ சாத்திக்கினு நான் உள்ள எழுதறதே…"

ரகுபதி அவள் தோளைத் தொட்டு, மெதுவாக அறைப் பக்கம் திருப்பிவிட்டான்.

"நீ பாஸாயி ரெண்டு மாசம் ஆவுதுன்னு எனக்குத் தெரியும் செண்பகம், போய்த் தூங்கு."