வெட்ட வேண்டிய காட்சி

“எனக்கு அருவருப்பா இருக்கு,” என்றார் கனகசிங்கம், வாயிலிருந்த வடையை விழுங்காமலே. “எழும்பி வெளிய போவமா எண்டு பாத்தன்.”

மட்டக்களப்பில் கரண்ட் இல்லாத ஒரு பின்னேரம். ஜெனரேட்டர் போட்டு, டீவியும் வீடியோ டெக்கும் வைத்து, வினாயகமூர்த்தி எடுத்த படத்தைத் திரைப்பட வட்டத்தார் காட்டி முடித்திருந்தார்கள். சண்டைக்குள்ளும் தொழிலுக்குப் போகிற வாவி மீனவர்களைப் பற்றிய படம். வெளிநாட்டு விழாவொன்றுக்குப் படம் தெரிவுசெய்ய வந்தவர் கனகசிங்கம். உலக சினிமாவைக் கரைத்துக் குடித்தவர் என்று பேர்.

அவருக்குக் கடைசிக் காட்சிதான் தொண்டையில் சிக்கியது. பழுகாமத்து வாவிக் கரையில் ஒருவர் வலை வீசுகிறார். திடீரென்று கமரா சரிகிறது. பிறகு சாய்ந்தபடி கொஞ்சம் புல், கொஞ்சம் தண்ணீர், பக்கத்தில் யாரோ கொர்கொரென்று மூச்சு விடும் சத்தம். நாடா முடியும் வரைக்கும் அதுதான்.

“ஐரோப்பாக்காரன் கமராவச் சரிச்சு வெச்சா அதுக்கொரு தத்துவம் இருக்கும். நீங்க செஞ்சா அது காப்பி!” எண்ணெய்க் கையைப் படத்தின் வீடியோக் கசற் உறையிலேயே துடைத்தார். “அந்த மூச்சு இருக்கே, சீ! சளி புடிச்சவனையா கமராக்கு விட்டீங்க?”

“சேர், அண்டைக்குக் கமரா புடிச்ச பாறூக் நானா...”

“ஆரா இருந்தா என்ன? நிப்பாட்டத் தெரியாதவன் கமராவத் தொடக் கூடாது.” பின்வரிசைக்குக் கையை நீட்டினார். “அந்தா, அந்தப் பொம்புள நித்திரையாகிட்டா. அதுதான் உங்கட படத்துக்கு விமர்சனம்.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் உலக சினிமா தெரியாதவர்கள் என்று ஆகிவிடுமே! அவர் கைகாட்டிய, காத்தான்குடியிலிருந்து வந்திருந்த நஸீறா மட்டும் அசையவில்லை. அதுவரை கண்கொட்டாமல் பார்த்தவள், கமரா சரிந்ததும் மூடிய கண்ணை இன்னும் திறக்கவில்லை.

“அந்தக் காட்சிய வெட்டுங்க, படம் விழாவுக்குப் போகும். இல்லாட்டி பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டுங்க.”

வினாயகமூர்த்தி நஸீறாவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கனகசிங்கத்தின் வடைத் தட்டைப் பார்த்தான். வருடக்கணக்காக ஊர் ஊராய் அலைந்து எடுத்த படம்.

“சரி சேர், வெட்டுறன்.”

அதைச் சொல்ல அவனுக்கு எப்படித்தான் வாய் வந்ததோ! கேவலம்.

கனகசிங்கத்துக்கு வாயெல்லாம் பல். “பொதுசனத்தையும் ஒருக்காக் கேட்டுருவம். தங்கச்சி, நல்ல நித்திரையா? வெட்டலாந்தானே?”

நஸீறா மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

“நித்திரையில்ல சேர், கேட்டுட்டிருந்தன். வெட்டிராதீங்க... அது என்ட புள்ளைகள்ர வாப்பாட கடைசி மூச்சு.”