றெக்கை முதலையின் வால்

பஷீர் அகமது தன் போர்டு எழுதும் கடையின் ஷட்டரில் றெக்கை முதலையை வரைந்துகொண்டிருந்தான்.

ஆவடி பஸ்ஸுக்காக நின்ற நாலைந்து பேர் பஸ்ஸை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஒரு கோடுகூட நடுங்கவில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், எண்பத்தாறில், அவன் மாமா துபாயிலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தார். யாரோ வெள்ளைக்காரர் வீட்டில் வேண்டாமென்று போட்டது. கதை சொல்லி விளையாடும் ஏதோ விளையாட்டு என்று மட்டும் புரிந்தது. அந்த இங்கிலீஷ் எங்கள் ஒன்பதாம் வகுப்புக்கு எட்டவில்லை.

படங்கள் எட்டின. கறுப்பு மையில் குகைகள், கூன் விழுந்த மந்திரவாதி, ஒரு பக்கம் முழுக்க அந்த மிருகம். பெயர் தெரியாமல் நாங்களே றெக்கை முதலை என்று வைத்தோம்.

விளையாட்டுப் பலகை எங்கேயென்று தெரியாததால் படத்தின் மேலேயே புளியங்கொட்டை வைத்து, தாயக்கட்டை உருட்டி நகர்த்தினோம். முதலையின் வாய்க்குள் போனவன் தோற்றான். பெரும்பாலும் நான்.

அதில் எனக்கு வருத்தமில்லை.

அந்தப் படத்தைப் பார்த்து பஷீர் வரைந்தால் முதலை மூச்சு விட்டது. நான் வரைந்ததை ஓணான் என்று தெருவே சிரித்தது. ஓணான் வரதன் என்ற பெயர் அம்பத்தூர் கம்பெனிவரை என்னோடு வந்தது.

பிறகு ஒருநாள் புத்தகத்தில் அந்த முதலைப் பக்கத்தைக் காணோம்.

"எவன் கிழிச்சானோ, இன்னி வரிக்கும் தெரில மச்சான். மன்சுல கீறத வச்சித்தான் போட்டுகினு கீறேன்," என்றான் பஷீர், பிரஷை நனைத்தபடி.

மனசில் இருந்ததே இப்படி. நகம், செதில், வாயோரம் புளியங்கொட்டை தேய்ந்து வெளுத்த இடம்கூட விடவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஒரே ஒரு தப்பாவது இருக்காதா என்று மூலைமூலையாகத் தேடினேன்.

இருந்தது. இடது ஓரத்தில் ஒரு வாலை வளைத்து ஆரம்பித்திருந்தான்.

"அதுக்கு ஏதுடா வாலு?" என்றேன், நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி.

பிரஷ் நின்றது.

உள்ளே போய் அந்தப் பழைய புத்தகத்தை எடுத்துவந்தான். கிழிந்த இடத்தை விரித்துக் காட்டினான். தையலோடு இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு தங்கியிருந்தது.

அதில் வால் இருந்தது.

என் டிரங்குப் பெட்டியின் அடியில், பன்னிரண்டு வருடமாக நான் எடுத்து எடுத்துப் பார்க்கிற பக்கத்தில், அது இல்லை.

பஷீர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், விட்ட இடத்திலிருந்து வரைந்தான்.

அப்போதும் வால் அழகாகத்தான் வந்தது.