பெரிய திரைக்குப் போன படம்

கண் ஆஸ்பத்திரிக் கணினிக்குள் இரண்டு விழித்திரைப் படங்கள் அக்கம்பக்கமாகக் கிடந்தன. ஒன்று, ரத்தக்குழாய் அடைத்துக்கொண்ட கண்ணின் படம். மற்றது, கண் அழுத்தம் தின்ற கண்ணின் படம். சேதம் அதிகமுள்ள படம்தான் டாக்டர்கள் மாநாட்டில் பெரிய திரைக்குப் போகும் என்று பேச்சு. அழுத்தப் படத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“என் உடம்பெல்லாம் ரத்தத் திட்டு. உங்கிட்ட என்ன இருக்கு?” என்றது அடைப்புப் படம்.

“என் நரம்பைப் பாரு, குழி விழுந்து வெளுத்துக் கிடக்கு. உனக்காவது ஊசி போட்டா வீக்கம் கொஞ்சம் வடியும். எனக்குப் போனது போனதுதான்!” அழுத்தப் படத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

டாக்டர் வந்து இரண்டையும் அளந்து பார்த்தார். “அடடா, இதுதான் அருமையான படம்!” என்று அழுத்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தார்.

வெளியே, அந்த இரண்டு கண்களுக்கும் சொந்தக்காரியான வேலாத்தாள் சுவரைத் தடவிக்கொண்டே நர்ஸிடம் வந்தாள்.

“ரெண்டு கண்ணையும் படம் புடிச்சீங்களே அம்மிணி, நல்லா வந்துருக்குதுங்களா?”

“அருமையா வந்துருக்குன்னு டாக்டரே சொன்னாருங்கம்மா.”

“அப்பப் பார்வை வந்துரும்,” என்று வேலாத்தாள் சிரித்தாள்.

உள்ளே அழுத்தப் படம், அத்தனை பெரிய திரையில் தான் எப்படி இருப்போம் என்று யோசித்துக்கொண்டிருந்தது.