மூன்றாவது வேண்டாம்

மூளையிலிருந்து துக்கத்தை நீக்கும் ஆராய்ச்சிக்கு ஜெர்மனியில் ஒருமுறை 'வேண்டாம்' என்றால் போதும், விட்டுவிடுவார்கள். நாம் தமிழர்கள், நமக்குத் தனி மரியாதை. இங்கே அந்த ஆராய்ச்சியை மேற்பார்வையிடும் அறநெறிக் குழுவின் அறிஞர்கள் நம் வீட்டுப் பந்திகளில் உட்கார்ந்து, மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டு, ஒரு மகா உண்மையைக் கண்டுபிடித்தார்கள். தமிழர் முதல் இரண்டு முறை 'வேண்டாம்' என்பது வெறும் உபசாரமாம்; மூன்றாவது முறையும் சொன்னால்தான் மறுப்பாம். பண்பாட்டை மதித்து அதையே விதியாக்கிவிட்டார்கள்.

எங்கள் மகள் நித்திலா இறந்த மாதம், அந்த ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் கபிலன் வந்து என் மனைவி புஷ்கலாவிடம் சம்மதம் கேட்டார்.

"வேண்டாம் சார்."

மறுபடி கேட்டார்.

"வேண்டவே வேண்டாம் சார்."

மூன்றாவது முறை கேட்டபோது அவளுக்கு அழுகைதான் வந்தது. அழுகை மறுப்பில் சேராதாம். நான் கத்தினேன். "உங்களக் கேக்கலையே சார்" என்றார். அன்றே சிகிச்சையை முடித்துவிட்டார்கள்.

நேற்று அவளைப் பார்க்க டாக்டர் வந்தார். புஷ்கலா சிரித்த முகமாகக் காபி கொடுத்தாள். பிறகு சுவரைக் காட்டி என்னிடம் கேட்டாள்.

"ஏங்க, நித்திலா படத்தக் கழட்டிட்டு அங்க கடிகாரத்த மாட்டிடலாமா?"

"வேண்டாம்."

"வாசல்லேர்ந்தே மணி தெரியும்ங்க."

"வேண்டாம் புஷ்கலா."

"மாட்டிடட்டுமா?"

எனக்கும் அழுகைதான் வந்தது. டாக்டர் காபியை உறிஞ்சியபடி, என் மூன்றாவது வேண்டாமுக்காக மரியாதையோடு காத்திருந்தார்.

புஷ்கலா நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள்.